யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுக் கிணற்று நீர்ப் பராமரிப்பு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுக் கிணற்று நீர்ப் பராமரிப்பு என்பது, இலங்கையின் வட முனையிலுள்ள யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டு வளவுகளுக்குள் அமைந்த தனியார் கிணறுகளின் நீரைக் குடிப்பதற்கு ஏற்ற நிலையில் வைத்திருப்பதற்கான முறைகளைக் குறிக்கும். கிணற்றைச் சரியான இடத்தில் அமைத்தல், இறைத்துத் துப்புரவு செய்தல், குளோரின் இடுதல், நீரைச் சோதித்தல், வீட்டில் பரிகரித்தல் ஆகியன இதில் அடங்கும். குழாய் நீரை வழங்கும் பொறுப்பு தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையைச் சார்ந்தது. தனியார் கிணற்றின் நீர் எப்படி இருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டியவர் அக் கிணற்றின் உரிமையாளரே ஆவார்.

குடாநாட்டுக் கிணற்று நீர் பெரும்பாலும் பளிங்கு போலத் தெளிவாக இருக்கும். அங்கு பரவலாகக் காணப்படும் மாசுகளான நைத்திரேற்றும் மலக் கிருமிகளும் நிறமோ மணமோ சுவையோ அற்றவை. ஆகையால் தெளிவையும் சுவையையும் மட்டும் கொண்டு நீரின் தரத்தை முடிவு செய்ய இயலாது.

நிலத்தடி நீரின் அமைப்பு

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. வழுக்கையாறு மழைக் காலத்தில் மட்டும் ஓடுவது. ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றினால் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாதங்களில் கிடைக்கிறது. இம் மழைநீர் மண்ணினூடாக இறங்கி, மயோசீன் காலத்தைச் சேர்ந்த சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்குகின்றது. வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் ஆகிய பகுதிகளில் தனித்தனி நீர்ப்படுகைகள் உள்ளன.

இந் நன்னீர், பாறையினுள் ஊடுருவியிருக்கும் கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 எனவும் கடல்நீரின் அடர்த்தி 1.025 எனவும் கொண்டால், கடல்மட்டத்திற்கு மேல் 1 மீட்டர் உயரத்திற்கு நன்னீர் நிற்குமிடத்தில், கடல்மட்டத்திற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும். இது கைபன்-ஏர்சுபேர்க்கு தொடர்பு எனப்படும். இதையே திருப்பிப் பார்த்தால் நிலைமையின் கடுமை விளங்கும். நீர்மட்டம் 10 சென்ரிமீட்டர் நிலையாகத் தாழ்ந்தால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 4 மீட்டர் மேலே வர இடமுண்டு. உண்மையான நிலத்தில் நன்னீருக்கும் உவர்நீருக்கும் இடையே கூரான எல்லை இல்லை, இரண்டும் கலந்த ஒரு வலயமே உண்டு. ஆயினும் கணக்கின் போக்கு சரியானதே. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இவ்வமைப்பைக் கண்கூடாகக் காட்டும்.

துலா மிதித்து இறைத்த காலத்தில், ஒரு நாளில் எடுக்கக்கூடிய நீரின் அளவுக்கு மனித உடலுழைப்பே எல்லையாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவிய பின்னர் அவ்வெல்லை இல்லாமற் போயிற்று. கடலோரக் கிணறுகளில் குறுகிய நேரத்தில் அதிக நீரை எடுக்கும்போது, கிணற்றின் நேர் கீழேயுள்ள உவர்நீர் கூம்பு வடிவில் மேலெழுகின்றது. இவ்வாறு சவராகிய கிணறு, இறைப்பை நிறுத்திய உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே கடலோர வீடுகளில் குறைந்த வலுவுள்ள இயந்திரத்தைக் கொண்டு, இடைவெளி விட்டுச் சிறிது சிறிதாக இறைத்து மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது நல்லது.

கிணறு அமையும் இடமும் கட்டும்

சுகாதாரமான கிணற்றுக்குப் பாடநூல்கள் சில பொது விதிகளைக் கூறுகின்றன. மலக்குழி, மாட்டுத் தொழுவம், குப்பைக் குழி ஆகியவற்றிலிருந்து கிணறு குறைந்தது 15 மீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். கிணற்றின் உட்சுவர், மேலிருந்து 6 மீட்டர் ஆழம் வரையாவது நீர் கசியாதபடி கட்டப்பட வேண்டும். நிலமட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 70 சென்ரிமீட்டர் உயரமான கட்டும், அதைச் சுற்றிக் குறைந்தது 1 மீட்டர் அகலத்திற்கு வெளிப்புறம் சரிந்த சீமெந்துத் தளமும், சிந்தும் நீரைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் வாய்க்காலும் வேண்டும். கிணற்றுக்கு மூடியும் அவசியம்.

இவற்றுள் தொலைவு பற்றிய விதி குடாநாட்டில் கவனத்துடன் கையாளப்பட வேண்டியது. மண்ணினூடாக நீர் மெதுவாக ஊர்ந்து செல்லும்போது கிருமிகள் வடிக்கப்பட்டும் இறந்தும் போகின்றன என்பதே இவ்விதியின் அடிப்படை. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லில் நீர் ஊர்வதில்லை, ஓடுகிறது. அங்கு 15 மீட்டர் என்பது மிகக் குறைந்த அளவே அன்றி, பாதுகாப்புக்கு உறுதி அன்று. யாழ்ப்பாண நகரப் பகுதியில் வளவுகள் பாகம் பிரிக்கப்பட்டுச் சிறுத்துவிட்டதால், இந்தக் குறைந்த அளவைக் கூடப் பல வீடுகளில் காண முடியாது. தன் வளவில் மலக்குழியைத் தள்ளி அமைத்தவரின் கிணற்றுக்கு மிக அருகில், வேலிக்கு அப்பால் அயலவரின் மலக்குழி இருப்பதும் உண்டு. புதிய மலசலகூடம் கட்டும்போது சொந்தக் கிணற்றை மட்டுமன்றி, அயல் வளவுக் கிணறுகளையும் அளந்து பார்ப்பது இதனால் தேவையாகின்றது. அடிப்பகுதி சீமெந்து இடப்படாத ஊறு குழிக்குப் பதிலாக, நீர் கசியாத மலத்தொட்டியை அமைத்து அதன் கழிவுநீரைத் தொலைவில் விடுவதும் ஒரு வழி.

நைத்திரேற்று

குடாநாட்டுக் கிணறுகளின் முதன்மையான வேதியியற் சிக்கல் நைத்திரேற்று ஆகும். 1980களிலிருந்து வெளிவந்த பல ஆய்வுகள், சிறப்பாக வலிகாமத்தின் செம்மண் தோட்டப் பகுதிகளில், ஏற்கத்தக்க எல்லையைத் தாண்டிய அளவுகளைக் காட்டியுள்ளன. வெங்காயம், மிளகாய், புகையிலை, உருளைக்கிழங்கு போன்ற பயிர்களுக்கு இடப்படும் யூரியா முதலிய உரங்கள் இதற்கு ஒரு காரணம், மலக்குழிகள் மற்றொரு காரணம். தோட்டத்துக்கு இறைக்கப்படும் நீரின் ஒரு பகுதி, உரத்தைக் கரைத்துக்கொண்டு அதே நீர்ப்படுகைக்குத் திரும்பிச் செல்கின்றது. மறுநாள் அதே நீர் மீண்டும் இறைக்கப்படுகின்றது.

நைத்திரேற்று மிகுந்த நீரால் உடனடி ஆபத்துக்கு உள்ளாவோர், ஆறு மாதத்திற்கு உட்பட்ட, புட்டிப்பால் அருந்தும் குழந்தைகள் ஆவர். குழந்தையின் குடலிலுள்ள பற்றீரியாக்கள் நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அது குருதியின் ஈமோகுளோபினைத் தாக்கி, ஒட்சிசனைக் காவும் ஆற்றலை இல்லாமற் செய்கிறது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்வதால் இது நீலக் குழந்தை நோய் எனப்படும். 1945 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் அன்டர் கொம்லி என்ற மருத்துவர், பண்ணை வீட்டுக் கிணற்று நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் வெளிப்படுத்தினார். அங்கும் நோயின் மூலம் தனியார் கிணறுகளே என்பது குறிப்பிடத்தக்கது.

உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று ஆகும். இந்தியத் தர நியமம் 45 மில்லிகிராமை எல்லையாகக் கொள்கிறது. ஆய்வுகூட அறிக்கைகளை வாசிக்கும்போது ஒரு குழப்பம் நேர்வதுண்டு. சில அறிக்கைகள் நைத்திரேற்றின் முழு நிறையையும், வேறு சில அதிலுள்ள நைதரசனின் நிறையை மட்டும் தருகின்றன. நைதரசனாகக் கூறப்பட்ட எண்ணை 4.43 ஆல் பெருக்கினால் நைத்திரேற்றின் அளவு கிடைக்கும். அறிக்கையில் 20 என்ற எண்ணைக் கண்டு, 50 ஐ விடக் குறைவு என்று நிம்மதி அடைபவர் அலகைப் பார்க்க வேண்டும். அது நைதரசனாகக் கூறப்பட்டதாயின் உண்மையான அளவு ஏறத்தாழ 89 மில்லிகிராம் ஆகும்.

கொதிக்க வைத்தல் நைத்திரேற்றை அகற்றாது. நீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடவே செய்யும். பால்மா கரைப்பதற்காக நீரை நெடுநேரம் கொதிக்க வைப்பது பாதுகாப்பானது என்ற எண்ணம் இவ்விடத்தில் எதிர் விளைவைத் தருகிறது. குளோரின் இடுதல், சாதாரண மணல் வடி, கரி வடி ஆகியவற்றாலும் நைத்திரேற்று நீங்காது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறையும் அயன் மாற்றப் பிசின்களும் வீட்டளவில் பயன் தருவன. அவற்றிலும் முதலாவது முறையில் ஒரு பகுதி நீர் கழிவாகப் போகிறது. கைக்குழந்தையுள்ள வீட்டில் மிக எளிய தீர்வு தாய்ப்பாலே. தாய் அருந்தும் நீரிலுள்ள நைத்திரேற்று தாய்ப்பாலில் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதில்லை. தாய்ப்பால் கொடுக்க இயலாதபோது, சோதிக்கப்பட்ட வேறு நீரைக் குழந்தைக்கு மட்டும் தனியாகப் பெற்றுக்கொள்ளலாம். ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு வேண்டிய நீர் ஒரு லீற்றர் அளவே என்பதால் இது பெரும்பாலும் சாத்தியமானது.

எண்ணெய் மாசு

சுன்னாகம் மின் நிலையத்தைச் சூழவுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்திருப்பது 2014, 2015 ஆம் ஆண்டுகளில் பெரும் பொதுப் பிரச்சினையாக எழுந்தது. இது தொடர்பான வழக்கில் 2019 ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனம் ஒன்றுக்கு உத்தரவிட்டது. எண்ணெய் கலந்த நீரை வீட்டு முறைகளால் நம்பத்தக்க வகையில் குடிநீராக்க முடியாது. எண்ணெய்ப் படலமோ மண்ணெண்ணெய் மணமோ தென்பட்டால் அக் கிணற்றைக் குடிப்பதற்கும் சமையலுக்கும் பயன்படுத்தாமல் நிறுத்துவதே வழி. வீட்டு இயந்திரத்திலிருந்து சொட்டும் எண்ணெயும் இதே வகை மாசு என்பதால், இயந்திரத்தைக் கிணற்றுக் கட்டின் மேல் வைக்கலாகாது.

குளோரின் இடுதல்

மலக் கிருமிகளை அழிக்கக் கிணற்றுக்கு இடப்படுவது, பிளீச்சிங் பவுடர் என்று கடைகளில் கேட்டு வாங்கப்படும் வெளிற்றும் தூள் ஆகும். புதிய தூளில் நிறைப்படி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பயன்தரும் குளோரின் இருக்கும். ஈரமும் வெளிச்சமும் காற்றும் பட்டால் அது விரைவில் வலுவிழக்கும். கட்டி தட்டிப்போன, மணம் குறைந்த தூளைக் கணக்கிட்ட அளவில் இட்டுப் பயனில்லை.

முதலில் கிணற்றிலுள்ள நீரின் அளவைக் காண வேண்டும். வட்டக் கிணற்றின் விட்டத்தையும் நீரின் ஆழத்தையும் மீட்டரில் அளந்து, விட்டத்தை அதனாலேயே பெருக்கி, பின் ஆழத்தாலும் 785 ஆலும் பெருக்கினால் நீரின் அளவு லீற்றரில் வரும். விட்டம் 2.5 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் எனின், 2.5 × 2.5 × 3 × 785 என்பது ஏறத்தாழ 14,700 லீற்றர். வழமையான தொற்றுநீக்கத்துக்கு 1,000 லீற்றருக்கு 2.5 கிராம் நல்ல தூள் என்பது பொது விதி. ஆகவே இக் கிணற்றுக்கு ஏறத்தாழ 37 கிராம் போதும். மாரியில் நீர்மட்டம் உயரும்போது அளவும் கூடும் என்பதால், ஒரு முறை கணக்கிட்டதை ஆண்டு முழுவதும் பயன்படுத்தக் கூடாது.

தூளை நேரே கிணற்றுக்குள் கொட்டுவது தவறு. ஒரு வாளியில் அதைச் சிறிது நீர் விட்டுப் பசையாகக் குழைத்து, பின் முக்கால் வாளி வரை நீர் ஊற்றிக் கலக்கி, 5 முதல் 10 நிமிடம் அடைய விட வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அதைக் கிணற்றில் விட்டால் ஏற்கெனவே கடினமான குடாநாட்டு நீர் மேலும் கடினமாகும். தெளிந்த கரைசலை வேறொரு வாளிக்கு மாற்றி, அவ் வாளியைக் கயிற்றில் கட்டி நீருக்குள் அமிழ்த்தி மேலும் கீழும் பக்கவாட்டிலும் பலமுறை அசைத்துக் கலக்க வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் நீர் அள்ளக் கூடாது. இரவில் எல்லோரும் நீர் அள்ளி முடிந்த பின் இடுவது வசதியானது.

இட்ட குளோரின் முழுவதும் கிருமிகளுக்கே செலவாவதில்லை. இலை குழை, சேறு, இரும்பு ஆகியன அதில் ஒரு பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மணி நேரத்தின் பின் நீரில் எஞ்சியிருக்கும் குளோரின் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை இருந்தால் இட்ட அளவு போதுமானது எனக் கொள்ளலாம். இதனை அறிய முன்னர் ஓதோதொலிடீன் என்ற கரைசலைச் சேர்த்து மஞ்சள் நிறத்தைப் பார்ப்பர். அது நச்சுத்தன்மை உடையது என்பதால், இளஞ்சிவப்பு நிறம் தரும் டி.பி.டி. வில்லைகள் அதன் இடத்தைப் பிடித்துள்ளன. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களிடம் இதற்கான கருவி இருக்கும்.

நாள்தோறும் நீர் ஊறிக்கொண்டிருக்கும் கிணற்றில் ஒரு நாள் இட்ட குளோரின் நீடிக்காது. இதற்கு இந்தியாவில் வகுக்கப்பட்ட இரட்டைப் பானை முறை ஒரு விடை. ஒரு கிலோகிராம் வெளிற்றும் தூளையும் இரண்டு கிலோகிராம் பருமணலையும் சற்று ஈரமாகக் கலந்து, பக்கத்தில் துளையிட்ட சிறு பானையில் இட்டு, அதைத் துளையுள்ள பெரிய பானைக்குள் வைத்து, வாயைக் கட்டி, நீர்மட்டத்திற்கு ஒரு மீட்டர் கீழே தொங்க விடுவர். குளோரின் சிறிது சிறிதாகக் கசியும். ஏறத்தாழ 4,500 லீற்றர் நீருள்ள, நாளுக்கு 450 லீற்றர் வரை நீர் எடுக்கும் வீட்டுக் கிணற்றுக்கு இது இரண்டு முதல் மூன்று வாரம் வரை போதுமானது. மேலே கணக்கிட்டது போன்ற பெரிய கிணற்றுக்கு ஒரு பானை போதாது.

கிணற்றில் வாழும் சிறு மீன்கள் தனிச் சிக்கல். நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகக் கிணற்றில் மீன் விடும் வழக்கம் உண்டு. 2016 இறுதியில் மன்னாரில் கண்டறியப்பட்டுப் பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்ட அனோபிலிசு இசுடீபென்சி என்ற மலேரியா நுளம்பு, கிணறுகளில் பெருகும் இயல்புடையது. ஆதலால் இவ்வழக்கம் புதிய முக்கியத்துவம் பெற்றுள்ளது. ஆனால் கிருமிகளைக் கொல்லும் அளவு குளோரின் மீன்களையும் கொல்லும். மீன் விடும் வீடுகளில் கிணற்றுக்குப் பதிலாகத் தொட்டிக்கோ குடிநீர்ப் பாத்திரத்துக்கோ குளோரின் இடலாம். கிணற்றுக்கே இட வேண்டுமாயின் மீன்களை முன்கூட்டியே வேறு பாத்திரத்துக்கு மாற்றி, குளோரின் நீங்கிய பின் மீண்டும் விட வேண்டும்.

இறைத்துத் துப்புரவு செய்தல்

கோடையின் இறுதியில் நீர்மட்டம் மிகத் தாழ்ந்திருக்கும்போது கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு அள்ளுவது வழமை. வேலைக்கு அது வசதியான காலமே. ஆனால் உவர்நீர் மிக அருகில் நிற்பதும் அதே காலத்தில்தான். கடலோரத்தில் அக்காலத்தில் கிணற்றை அடியோடு வற்ற இறைப்பது தீங்காக முடியலாம். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின் இது பெரிய அளவில் தெரியவந்தது. இலங்கையின் கிழக்குக் கரையில் கடல்நீர் புகுந்த கிணறுகள் மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்டன. சில இடங்களில் உப்பு குறைவதற்கு மாறாகக் கூடியது. அதனால் அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்பட்டது. பெருமளவு உப்பைக் கழுவி வெளியேற்றியது பின்வந்த பருவமழைகளே.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கும், விலங்கு விழுந்து இறந்த கிணற்றுக்கும் வழமையான அளவு குளோரின் போதாது. சேற்றை அகற்றிய பின் லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்ற கணக்கில் இட வேண்டும். மேற்கூறிய 14,700 லீற்றர்க் கிணற்றுக்கு இது 735 கிராம் குளோரின், அதாவது 30 வீத வலுவுள்ள தூளில் ஏறத்தாழ இரண்டரைக் கிலோகிராம். உட்சுவரையும் அக்கரைசலால் கழுவி, 12 மணி நேரமாவது விட்டு, பின்னர் குளோரின் மணம் நீங்கும் வரை இறைத்து வெளியேற்ற வேண்டும். அந்நீரைப் பயிருக்கோ குளத்துக்கோ விடலாகாது.

கிணற்றுக்குள் இறங்குவது உயிராபத்தான வேலை. நெடுநாள் மூடிக்கிடந்த கிணற்றில் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு தேங்கியிருக்கலாம். இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்கப் போனவரும் அடுத்தவரும் இறந்த நிகழ்வுகள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நேர்ந்துள்ளன. எரியும் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் ஒட்சிசன் குறைவை ஓரளவு காட்டும். ஆனால் காபனோரொட்சைட்டைக் காட்டாது. பெற்றோல், மண்ணெண்ணெய் இயந்திரங்களைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கும்போது வெளிவருவது அந்த வாயுவே. அவற்றை எக்காரணம் கொண்டும் கிணற்றுக்குள் இறக்கக் கூடாது. இறங்குபவரின் உடலில் கயிறு கட்டி, அவரைத் தாமே இறங்காமல் மேலே இழுக்கக்கூடிய இருவராவது வெளியில் நிற்க வேண்டும்.

வீட்டில் பரிகரித்தல்

கிருமிகளைப் பொறுத்தவரை, நீரைக் கொப்பளித்துக் கொதிக்கும்படி ஒரு நிமிடம் வைத்தல் போதுமானது. கொதிக்க வைக்கும்போது தற்காலிகக் கடினத்தன்மையும் நீங்கும். குடாநாட்டு வீடுகளில் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலம் இவ்வாறு வெளியேறிய சுண்ணாம்பே. அது உடலுக்குத் தீங்கானது அன்று.

கலங்கல் நீரைத் தெளிவிக்கத் தேற்றாங்கொட்டையைப் பானையின் உட்புறத்தில் உரைப்பதும், சீனாக்காரம் இடுவதும் பழைய முறைகள். இரண்டும் மிதக்கும் துகள்களைத் திரளச்செய்து அடியில் படிய வைக்கின்றன. துகளுடன் ஒட்டிய கிருமிகளிற் சிலவும் படியும், எஞ்சியவை நீரிலேயே இருக்கும். ஆகவே தெளிந்த பின் கொதிக்க வைத்தல் அல்லது குளோரின் இடுதல் தேவை. கிணற்றடியில் நெல்லிக் கட்டை இடுவதால் நீரின் சுவை மாறலாம், நீர் தொற்றுநீங்கியதாகக் கொள்ள முடியாது.

சோதனை

குடிநீரின் 100 மில்லிலீற்றர் மாதிரியில் ஈ. கோலை பற்றீரியா ஒன்றேனும் இருத்தல் ஆகாது என்பது பொதுவான நியமம். வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்றை 1982 ஆம் ஆண்டில் மஞ்சா முதலான இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வேதிப்பொருள் ஊறிய தாள் வைத்த சிறு போத்தலில் நீரை நிரப்பி ஓரிரு நாள் வைத்தால், மலத் தொடர்புடைய பற்றீரியாக்கள் உண்டாக்கும் ஐதரசன் சல்பைட்டினால் நீர் கறுக்கும். கறுத்தால் ஐயப்பட வேண்டும். கறுக்காவிடினும் ஆய்வுகூடச் சோதனைக்கு அது முழு மாற்று ஆகாது.

நீரின் தரம் பருவத்தோடு மாறுவதால் ஆண்டுக்கு இரு முறையாவது சோதிப்பது பொருத்தம். முதல் மழையின் பின் கிருமிகளும் நைத்திரேற்றும் கழுவப்பட்டுக் கிணற்றை அடையும். கோடையின் இறுதியில் உப்பின் அளவு உச்சத்தை எட்டும். உப்பை அறிய மின்கடத்துதிறன் அளக்கும் சிறு கருவி போதும். அதன் வாசிப்பை மாதந்தோறும் நாளுடன் குறித்து வைத்தால், கிணறு சவராகத் தொடங்குவதை நாக்கு உணரும் முன்னரே எண்கள் காட்டிவிடும். கிருமிச் சோதனைக்கான மாதிரியை ஆய்வுகூடம் தரும் தொற்றுநீக்கிய போத்தலில், குளோரின் இடுவதற்கு முன் எடுத்து, குளிர்ச்சியாக வைத்து அன்றே ஒப்படைக்க வேண்டும்.

2024 ஓகத்து மாதத்தில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. குழாய் நீர் வந்து சேரும் வீடுகளிலும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் கிணறு பயன்பட்டு வருகின்றது. அத்தகைய வீடுகளில் கிணற்று நீர்க் குழாயும் வழங்கல் நீர்க் குழாயும் எவ்விடத்திலும் ஒன்றோடொன்று இணைக்கப்படலாகாது. இணைத்தால், வழங்கல் குழாயில் அழுத்தம் குறையும் வேளையில் கிணற்று நீர் அதனுள் புகுந்து அயல் வீடுகளையும் அடையும்.